தெப்ராவ் வீட்டு வாசலில் மல்லிகை எப்போது பூக்கும்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தெப்ராவ் வட்டாரத் தாமான்களில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது: "செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது, ஒரு மொட்டைக் காணோமே!" கடையில் முழக்கணக்கில் பூச்சரம் வாங்கித் தலையில் வைத்துப் பெருநாளும் முடிந்த பிறகு, அதே செடி ஒரு நாள் காலையில் கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும். பொங்கலுக்கும் தைப்பூசத்திற்கும் இதே கதைதான். செடிக்கு நம்மீது ஏதோ கோபம் என்று நினைப்பவர்களும் உண்டு.

உண்மையில் தவறு செடியிடம் இல்லை. நாம் கையில் வைத்திருக்கும் நாட்காட்டி வேறு ஊருடையது. பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டும், மார்கழியில் அருகிப் போகும் என்பது நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த கணக்கு. அது மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் சரி. பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் தெப்ராவுக்கு அது பொருந்தாது. இங்கே மல்லிகை பூக்கும் நாளைப் பெரும்பாலும் கத்தரிக்கோலும் வெயிலும் மழையுமே முடிவு செய்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பெருநாளுக்கு வேண்டிய பூவில் ஒரு பங்கையாவது வீட்டு வாசலிலேயே பறிக்கலாம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு தெரியவில்லை. லயத்து வீட்டின் ஓரத்தில், குழாயடி ஈரத்தில், மல்லிச் செடி புதராக வளர்ந்து கிடக்கும். பெரட்டுக்குப் போகும் முன் பெண்கள் கைக்கு எட்டியதைப் பறித்துப் போவார்கள். ஐந்தாறு செடிகள் இருந்தால் ஏதாவது ஒன்றில் எப்போதும் பூ இருக்கும். பறிக்கும்போது நுனியும் சேர்ந்து ஒடியும், ஆடு மேயும், புல் வெட்டுகிறவர் பாராங்கை வீசிவிட்டுப் போவார். யாரும் திட்டமிடாமலே செடி அடிக்கடி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. இன்று மவுண்ட் ஆஸ்டின் போன்ற பழைய ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சிமெண்டு போட்ட வாசலில் இரண்டு பூந்தொட்டி வைக்கத்தான் இடம். இரண்டே தொட்டி இருக்கும்போது, பூக்கும் நேரம் தப்பினால் பூவே இல்லை என்றாகிவிடுகிறது.

குளிர் இல்லாத ஊரில் செடிக்கு எப்படி நாள் தெரியும்?

சீனப் பெருநாள் காலத்தில் ஜொகூர் பாருக் கடைகளில் தொங்கும் சிவப்பு அலங்காரங்களில், அடுக்கடுக்கான இதழோடு பெரிய பூ ஒன்று இருக்கும். அதுதான் பியோனி. அதில் மர வகையைச் சீனர்கள் மூடான் என்பார்கள். சீனாவின் லுவோயாங் நகரில் மர வகை பியோனி ஏப்ரலில் பூக்கும். குறுஞ்செடி வகை அதற்குப் பின்னால் வரும். இரண்டையும் கலந்து ஜப்பானியரான தொய்ச்சி இத்தோ உருவாக்கிய வகை, குறுஞ்செடி வகையை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ மலரும். இப்படி வரிசை தவறாமல் பூப்பதற்குக் காரணம் பனிக்காலம். பல வாரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதற்கு மொட்டு வைக்கத் தெரியும். இணையக் கடைகளில் அதன் கிழங்கை ஆசையோடு வாங்கி இங்கே நட்டவர்களுக்கு இலைதான் மிஞ்சும். தெப்ராவில் இரவில்கூட வெப்பம் 23 பாகை அளவில்தான் நிற்கிறது.

பகல் நீளமும் இங்கே உதவாது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நம் ஊரில் வேறுபாடு ஏறக்குறைய 10 நிமிடம்தான். ஆகவே நம் வட்டாரச் செடிகள் வேறு அடையாளங்களைப் பார்க்கின்றன. சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் வெள்ளைப் புறா ஆர்க்கிட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெருமழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அந்த வட்டாரம் முழுவதும் அது ஒரே நாளில் பூக்கும், மறுநாள் வாடிவிடும். டுரியான் மரம் சில வாரம் மழையில்லாமல் காய்ந்த பிறகு பூ வைக்கும். வேலிச் செடியான கெமுனிங், காய்ச்சலுக்குப் பின் நல்ல மழை விழுந்தால் தெரு முழுக்க மணக்கும்.

மல்லிகை இவற்றைவிட எளிமையானது. அது புதிதாக விட்ட தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஒரு நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டு, கொழுத்த தளிரானால் அதற்கும் மேல். பழைய கிளை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. எனவே செடி முழுக்கப் புதுத் தளிர் வரும் நாளை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும்.

எந்த மல்லி, எந்த நேரம்?

மல்லிகை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. ஒவ்வொன்றின் போக்கும் வேறு.

இங்கே செடிக்கடையில் மெலோர் என்று கேட்டால் கொடுப்பது குண்டுமல்லி இனம், அதாவது ஜாஸ்மினம் சம்பாக். பிலிப்பீன்ஸ் 1934-இல் தன் தேசிய மலராக அறிவித்த சம்பகீத்தா இதுதான். தாய்லாந்தில் ஆகஸ்டு 12-ஆம் நாள் அன்னையர் தினத்தில் அம்மாவுக்குக் கொடுப்பதும் இதைத்தான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம். ஆக, வெப்பமும் ஈரமும் உள்ள நம் நாட்டுக்கு இது அந்நியமில்லை. தமிழ்நாட்டில் மார்ச் முதல் ஜூன் வரை உச்சம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிகக் குறைவு. அந்தக் குறைவுக்கு அங்குள்ள குளிரும் பனியும் காரணம். தெப்ராவில் அந்தக் குளிர் இல்லாததால் இது ஆண்டு முழுவதும் அலை அலையாகப் பூக்கக்கூடியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை மாதம், சில வேளை இரண்டு மாதம்.

இந்தக் குண்டுமல்லியிலேயே இரண்டு ரகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒற்றை வரிசை இதழ் உள்ளது தாராளமாகப் பூக்கும், சரம் தொடுக்க ஏற்றது, மழைக்கும் ஓரளவு தாங்கும். சிறு ரோஜா போல உருண்டு திரண்ட அடுக்கு மல்லி வேறு. வாசம் தூக்கலாக இருக்கும், பூவும் அழகு. ஆனால் வளர்ச்சி மெதுவானது, மொட்டும் குறைவு. தொடர்ந்து மழை பெய்தால் இதழ்களுக்கிடையே நீர் தங்கி, மொட்டு விரியாமலே பழுப்பு உருண்டையாகிவிடும். கடையில் அடுக்கு மல்லியைப் பார்த்ததும் மயங்கி வாங்குகிறோம். சரத்துக்குப் பூ வேண்டுமானால் ஒற்றை ரகம்தான் என் பரிந்துரை. சாமி படத்துக்கு ஒன்றிரண்டு வைக்க அடுக்கு மல்லி ஒரு தொட்டி போதும்.

முல்லை தனி இனம். இலையின் அடியில் காது போல் இரண்டு சிற்றிலைகள் ஒட்டியிருக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். மொட்டு மெலிந்து நீளமாக இருக்கும். தமிழ்நாட்டில் இதன் காலம் மல்லிக்குச் சற்றுப் பின்னால், மே மாதத்திற்குப் பிறகு. சாதிமல்லி என்றும் பிச்சி என்றும் சொல்லப்படுவது மூன்றாவது. மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அங்கே ஆனி, ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை பூக்கும். இவை இரண்டும் கொடியாக ஓடும் தன்மையுடையவை, தொட்டியைவிடத் தரையும் பந்தலும் கேட்கும். வெட்டும் காலமும் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், சாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வார்கள். அங்கேயும் பூக்கும் காலம் கத்தரிக்கோலை ஒட்டித்தான் வருகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. குளிர்காலம் துணைக்கு இருப்பதால் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு உண்டு. காக்கடா என்பது வாசமே இல்லாத வெள்ளைப் பூ. மல்லி கிடைக்காத குளிர்காலத்தில் தமிழ்நாட்டுச் சந்தைகளைத் தாங்குவது அது. நட்சத்திர மல்லி என்பது மெல்லிய இதழ்கள் காற்றாடி போல விரியும் இனம். அதன் மொட்டில் செம்மை தெரியும். எல்லா மாதமும் பூக்கும் இயல்புள்ளது என்பதால் அதிலிருந்தே ஒரு ரகத்தைக் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்டது. மல்லிக்கு உள்ள கிறக்கும் வாசம் இதற்கு இல்லை. ஆனால் மழைக்காலத்தில் வெறும் கொண்டையோடு போவதற்கு இது மேல்.

பெயரில் மட்டும் மல்லியாக இருப்பவையும் நம் வீடுகளில் உண்டு. பவளமல்லி இரவில் விரிந்து விடியலில் தானே உதிரும், ஆகவே பொறுக்குவதற்கு வெளுக்கும் முன் எழ வேண்டும். ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் இளஞ்சிவப்பாகிப் பின் சிவப்பாகும். இவை மல்லிகை இனமே அல்ல. நந்தியாவட்டையும் அப்படித்தான். ஆனால் ஆண்டு முழுதும் பூத்து மழையிலும் சளைக்காத வெள்ளைப் பூ அது, பூஜைக்கு ஆகும். வாசலில் ஒன்று இருந்தால் டிசம்பரில் அதன் அருமை தெரியும்.

பெருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குண்டுமல்லியை வெட்டிய நாளிலிருந்து முதல் பூ வரை ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நல்ல வெயில் என்றால் ஆறு, மூடிய வானம் என்றால் எட்டு. ஜனவரி நடுவில் வரும் பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வெட்ட வேண்டும். தைப்பூசம் ஜனவரிக் கடைசியில் வந்தால் டிசம்பர் தொடக்கத்தில். தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் நகரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்து ஏழு வாரம் பின்னோக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் செப்டம்பரில் விழும். சித்திரைப் புத்தாண்டுக்கு பிப்ரவரிக் கடைசி.

ஒருமுறை தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, செடி அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட வெட்டிவிட்டேன். வெட்டிய கிளைகளைக் குப்பைப் பைக்குள் திணிக்கும்போதுதான் நுனியெல்லாம் அரிசி மணி அளவு மொட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஆண்டு முழுச் சரமும் கடையில்தான். வெட்டும் முன் நுனியைத் தடவிப் பாருங்கள்.

எவ்வளவு வெட்டுவது? தரையில் உள்ள முதிர்ந்த செடியை ஆண்டுக்கு ஒருமுறை 50 செண்டிமீட்டர் உயரத்துக்குக் குறைக்கலாம். தமிழ்நாட்டு வயலில் அந்த அளவுதான். தொட்டிச் செடியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும். காய்ந்ததையும் உள்நோக்கி வளர்வதையும் முழுதாக நீக்கிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் நான்கைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும்போது வெட்டி, எரு இட்டு நன்றாக நீர் ஊற்றினால் தளிர் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஓர் அலை பூத்து முடிந்ததும், பூத்த நுனியில் இரண்டு கணு கிள்ளிவிட்டால் அடுத்த அலை தொடங்கும்.

மூன்று தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மூன்றையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒரு வாரம் விட்டு ஒன்றாக வெட்டுங்கள். வானம் எப்படிப் போனாலும் ஒன்றாவது பெருநாளைப் பிடித்துவிடும்.

வாசல் எந்தத் திசை?

பலர் கவனிக்காத ஒன்று இது. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் போனாலும், மார்ச்சு கடைசி முதல் செப்டம்பர் நடு வரை சற்று வடக்கே சாய்ந்தும், மீதி மாதங்களில் தெற்கே சாய்ந்தும் போகிறது. வரிசை வீட்டின் முன்பக்கம் கூரை நீண்டிருக்கும்போது இந்தச் சாய்வு பெரிய வேறுபாட்டைக் கொடுக்கும். வடக்குப் பார்த்த வாசலில் நடு ஆண்டில் கொட்டிய செடி, டிசம்பரில் நிழலில் நின்று இலை மட்டுமே விடும். தெற்குப் பார்த்த வீட்டில் இதற்கு நேர்மாறு. தொட்டியானால் செப்டம்பரில் வீட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்துங்கள். மல்லிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்துக்கு அப்போது ஆதாயம் கூடுதல். புகைமூட்டம் சூழ்ந்த நாட்களும் வெயிலைத் தின்னும். 2015-இல் செப்டம்பர், அக்டோபர் முழுக்க வானம் மங்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மிகக் கடினமான காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை, வடகிழக்குப் பருவமழை. நம் மார்கழியும் பொங்கலும் அதற்குள்தான் வருகின்றன. போதாததற்குத் தமிழ்நாட்டிலும் அப்போதுதான் மல்லி விளைச்சல் குறைவு. மதுரைச் சந்தையில் விலை ஏறுவதால், விமானத்தில் இங்கே வரும் பூவின் விலையும் ஏறுகிறது. வீட்டுச் செடியிலிருந்து வரும் ஒரு கைப்பிடி மொட்டுக்கு மதிப்பு கூடுவது அந்த வாரங்களில்தான். மொட்டு வைத்த பிறகு தொட்டியைக் கூரை விளிம்புக்குச் சற்று உள்ளே, வெயில் படும் ஆனால் மழை நேராக விழாத இடத்துக்கு நகர்த்துங்கள். தரைச் செடி என்றால் வேரடியில் மண்ணைச் சற்று அணைத்து நீர் வடிய வழி செய்யுங்கள். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஏடிஸ் கொசுவும் வளரும், அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அபராதமும் விழும். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுவது நல்லது.

இலை மட்டும் செழித்துப் பூ வராவிட்டால் வெயிலுக்கு அடுத்து எருவைச் சந்தேகியுங்கள். யூரியாவைக் கை நிறைய அள்ளிப் போடும் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. குண்டுமல்லிக்குத் தமிழ்நாட்டில் சொல்லும் அளவு, வயலில் ஒரு செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. அதாவது இலை வளர்க்கும் சத்து மற்றவற்றில் பாதிதான். தொட்டிக்கு இதில் சிறு பங்கைப் பிரித்து மாதந்தோறும் கொடுத்தால் போதும்.

மொட்டு வந்தும் விரியாமல் போனால் உற்றுப் பாருங்கள். மொட்டு ஊதா நிறமாகி வளராமல் நின்றால், உள்ளே மொட்டு ஈயின் புழு இருக்கும். துளையிருந்து இதழ் அரிக்கப்பட்டிருந்தால் மொட்டுப்புழு. இரண்டுக்கும் கெட்ட மொட்டை உடனே பறித்து, உதிர்ந்ததையும் கூட்டி, பையில் கட்டி எறிவதுதான் வீட்டுக்கேற்ற வழி. செடியடியில் விட்டால் அடுத்த அலைக்கும் அதே புழு வரும். பறித்துத் தலையில் சூடும் பூ என்பதால் பூச்சிமருந்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பறிக்கும் நேரமும் பூக்கும் காலத்தில் சேர்ந்ததுதான். குண்டுமல்லி மாலையில் பொழுது சாயும் நேரத்தில் விரியும். அன்று விரியப்போகும் மொட்டு விடியற்காலையிலேயே பால் வெள்ளையாகி, நுனி உருண்டு, மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். பச்சை ஓடியிருப்பது மறுநாளுக்கு. வெயில் ஏறும் முன் வெள்ளையானவற்றை மட்டும் பறித்து, ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். தைப்பூசத்துக்கு முதல் நாளும் அன்றும் பறித்ததைச் சேர்த்தால், இரண்டு தொட்டி வீட்டிலும் ஒரு முழம் தேறும். தொடுத்த சரத்தைக் கோயிலுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்; குளிர் விட்டதும் மொட்டு விரியத் தொடங்கும்.